இரவு பேக்கப் விடிந்தும் முடியவில்லை: மிகப் பெரிய நெட்வொர்க் சேமிப்பகங்களில் நேரம் எங்கே போகிறது

கேள்வியின் சாரம் இது. ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் என்.எஃப்.எஸ். (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) வழியாகப் பகிரப்படும் 320 டெராபைட் சேமிப்பகம் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 21 கோடிக் கோப்புகள். பேக்கப் சர்வர் அதை 10 கிகாபிட் இணைப்பில் மவுண்ட் செய்து (தன் கோப்புறைபோல் இணைத்து), இரவுதோறும் மாறியவற்றை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டலும் வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுக்கும் ஃபுல்லும் எடுக்கிறது. இன்கிரிமென்டலில் நகர்வது சுமார் 700 கிகாபைட்தான் என்றாலும் அதற்கு 20 மணி நேரம் ஆகிறது. வெள்ளி இரவு தொடங்கும் ஃபுல் அடுத்த வெள்ளியன்றும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 25 கிகாபிட் நெட்வொர்க்கும் புதிய டேப் (காந்தநாடா) டிரைவும் வாங்கினால் இது சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம், இப்போதைக்காவது வேண்டாம். காரணம் நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. 10 கிகாபிட் இணைப்பு நடைமுறையில் நொடிக்கு 1.1 கிகாபைட் வரை கொண்டு செல்லும். அந்த வேகத்தில் 700 கிகாபைட் நகர 11 நிமிடம் போதும். மீதி 19 மணி 49 நிமிடங்கள் எங்கே போயின? 20 மணி நேரம் என்பது 72,000 நொடிகள். அதை 21 கோடியால் வகுத்தால் ஒரு கோப்புக்கு 0.34 மில்லிநொடி வருகிறது. ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்கில் ஒரு கேள்வி சேமிப்பகத்துக்குப் போய், அது பதிலைத் தேடி எடுத்து, திரும்பி வருவதற்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது உங்கள் பேக்கப் மென்பொருள் ஒவ்வொரு கோப்பிடமும் "நீ மாறினாயா?" என்று ஒருமுறை கேட்டு, பதில் வரும் வரை காத்திருந்து, பிறகே அடுத்த கோப்புக்குப் போகிறது. இரவு முழுவதும் நடப்பது இந்த விசாரணைதான். நகலெடுப்பது அதன் ஓரத்தில் நடக்கும் சிறு வேலை. இணைப்பை 25 கிகாபிட் ஆக்கினால் அந்த 11 நிமிடம் சுமார் நான்கரை நிமிடமாகும். 20 மணி நேரம் 20 மணி நேரமாகவே இருக்கும்.

இந்தக் கணக்கு ஊகம்தானே என்று நினைப்பீர்கள்; அளந்தே பார்த்துவிடலாம். கோப்புகளைத் திறக்காமல் பெயரையும் நேரமுத்திரையையும் மட்டும் படிக்கும்படி ஃபைண்ட் கட்டளையை ஒரு பெரிய கோப்புறை மீது ஓட்டி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, கேச்சில் (விரைவாக எடுக்க நினைவகத்தில் வைத்திருக்கும் நகலில்) இல்லாத நூறு கிகாபைட் அளவுள்ள ஒரே கோப்பைப் படித்து வேகத்தைப் பாருங்கள். மூன்றாவதாக, பேக்கப் சேரும் இடத்தில் எழுதும் வேகத்தைத் தனியாகப் பாருங்கள். இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. படிக்கும் வேகத்தை அளப்பதற்காக கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டும் டார் கட்டளையின் வெளியீட்டை, வருவதையெல்லாம் தூக்கியெறியும் டெவ்-நல்லுக்கு நேராக அனுப்புவார்கள்; குனு டார் அதைக் கண்டுகொண்டு, கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்காமலே தாண்டிச் சென்றுவிடும். அளவை மதிப்பிட விரும்பும் மென்பொருள்களுக்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே நேராக அனுப்பினால் கிடைப்பது ஸ்கேன் நேரம், அதாவது கோப்புகளை விசாரிக்க மட்டும் ஆகும் நேரம். இடையில் ஒரு பைப் போட்டு கேட் கட்டளை வழியாக அனுப்பினால் கிடைப்பது ஸ்கேனும் படிப்பும் சேர்ந்த நேரம். இரண்டையும் ஒரே கோப்புறையில் ஓட்டி வித்தியாசத்தைப் பார்த்தால், உங்கள் நோய் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். முதல் ஓட்டம் இரண்டாவதற்காகக் கேச்சைச் சூடாக்கி வைத்துவிடும் என்பதால், நடுவில் மவுண்டைக் கழற்றி மறுபடி போடுவது நல்லது.

சேமிப்பகத்துக்குக் கிளையன்டாக இருக்கும் உங்கள் பேக்கப் சர்வர் லினக்ஸ் என்றால், அளவீடு நடக்கும்போது என்.எஃப்.எஸ். ஐஓ-ஸ்டாட் கருவியையும் பக்கத்தில் ஓட விடுங்கள். அதில் ஆர்.டி.டி. என்பது கேள்வி கிளம்பியதிலிருந்து பதில் வந்து சேரும் வரையிலான நேரம். எக்ஸி என்பது கிளையன்டின் வரிசையில் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தது. எக்ஸி மிக உயர்ந்தும் ஆர்.டி.டி. தாழ்ந்தும் இருந்தால் நெரிசல் உங்கள் பேக்கப் சர்வரிலேயே இருக்கிறது, ஆர்.டி.டி.யே உயர்ந்திருந்தால் சேமிப்பகம் திணறுகிறது. முதலாவதற்கான மருந்து இரண்டாவதற்கு நஞ்சாகலாம் என்பதால் இந்த வேறுபாட்டை அறியாமல் எதையும் மாற்றத் தொடங்காதீர்கள்.

ஒரு கோப்புக்கு ஒரு கேள்வி என்பது என்.எஃப்.எஸ். விதித்த கட்டாயமும் இல்லை. மூன்றாம் பதிப்பிலேயே ரீட்-டிர்-பிளஸ் என்ற வசதி இருக்கிறது: ஒரு கோப்புறையைப் பட்டியலிடும்போதே அதிலுள்ள கோப்புகளின் அளவு, நேரம் முதலிய விவரங்களையும் கொத்தாகக் கொடுத்துவிடும். நான்காம் பதிப்பிலும் பட்டியலோடு சேர்த்து அவ்விவரங்களைக் கேட்டு வாங்க முடியும். அப்படியிருந்தும் உங்கள் ஸ்கேன் தனித்தனியாகக் கேட்கிறது என்றால், வழக்கமாக இரண்டில் ஒன்று காரணமாக இருக்கும். ஒன்று, பழைய காலத்தில் யாரோ எதற்காகவோ அந்த வசதியை மவுண்ட் தேர்வில் அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மற்றொன்று, பேக்கப் மென்பொருள் கோப்பின் ஏ.சி.எல். (யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல்) விவரங்களையும் கூடுதல் பண்புகளையும் எடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அவை பட்டியலோடு வருவதில்லை, ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகப் போய்த்தான் கேட்க வேண்டும். ஆர்-சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துவோர் பெரிய ஏ, பெரிய எக்ஸ் தேர்வுகளை வழக்கமாகச் சேர்த்துவிடுவதன் விலை இதுதான். உங்கள் பயனர்கள் ஏ.சி.எல்.லைப் பயன்படுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அதை எடுத்துவிட்ட அன்றே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது இணை ஓட்டம். ஒரே த்ரெட் (ஒரு செயல் ஓட்டம்) கேட்டுக் காத்திருப்பதற்குப் பதிலாகப் பதினாறு த்ரெட்கள் வெவ்வேறு கோப்புறைகளைக் கேட்டால், 20 மணி நேரம் கொள்கையளவில் ஒன்றேகால் மணி நேரமாகும். வணிக மென்பொருள்களில் இது மல்டி-ஸ்ட்ரீம் என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் பக்கம் ரோபோகாப்பியில் எம்.டி. தேர்வு, இயல்பாக எட்டு த்ரெட், 128 வரை ஏற்றலாம். ஆர்-சிங்க் ஒரே ஓட்டமாகத்தான் ஓடும் என்பதால் எஃப்பார்ட், எஃப்பி-சிங்க் போன்ற கருவிகளால் கோப்புப் பட்டியலைத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்க வேண்டும். மேல்மட்டக் கோப்புறைக்கு ஒரு ஜாப் என்று பிரிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது ஒரு வாரம் நன்றாக ஓடும். பிறகு, முப்பது கோப்புறைகளில் ஒன்றில் மட்டும் பாதிக் கோப்புகள் குவிந்திருப்பது தெரியவரும். இருபத்தொன்பது ஜாப் முடிந்து ஒன்று மட்டும் காலை வரை தனியாக ஓடும். கோப்புகளின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்க வேண்டும். கோப்புறையின் பெயரை வைத்துப் பிரிக்கக் கூடாது. ஒரே கோப்புறையில் பத்து லட்சம் கோப்புகளைக் கொட்டி வைத்திருக்கும் ஆய்வகம் ஒன்று எப்படியும் இருக்கும். அந்தக் கோப்புறையை எந்தக் கருவியாலும் எளிதில் பிரிக்க முடியாது; அதன் உரிமையாளரிடம் பேசுவதுதான் வழி.

இணை ஓட்டத்தோடு சேர்த்து, லினக்ஸ் 5.3 கெர்னலில் 2019இல் வந்த என்-கனெக்ட் என்ற மவுண்ட் தேர்வையும் போட்டுப் பாருங்கள். இயல்பாக ஒரு கிளையன்டுக்கும் ஒரு சர்வருக்கும் இடையே ஒரே டி.சி.பி. இணைப்புத்தான் இருக்கும், இது அதை 16 வரை ஆக்கும். நான்கு கேபிள்களை ஒன்றாகக் கட்டி எல்.ஏ.சி.பி. போட்டிருப்பவர்கள், ஒரு டி.சி.பி. இணைப்பு அவற்றில் ஒரே கேபிளில்தான் போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு இது கூடுதலாக உதவும். நெட்வொர்க் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பதினாறு த்ரெட் கேட்டால் பதினாறு பதில் சொல்லச் சேமிப்பகத்தால் முடிய வேண்டும். ஒன்றேகால் மணி நேரத்தில் 21 கோடி என்றால் நொடிக்கு 46,000க்கும் மேற்பட்ட பதில்கள். 7,200 சுழற்சி கொண்ட வன்வட்டு ஒன்று சிதறிய இடங்களிலிருந்து நொடிக்கு நூறு முறை படித்தாலே அதிகம். ஒரு கோப்பின் ஐ-நோடு (அளவு, நேரம் முதலிய விவரங்களின் பதிவு) 512 பைட் என்று வைத்தால் 21 கோடிக்கு ஐ-நோடுகள் மட்டும் 107 கிகாபைட். பட்டியல்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். 64 கிகாபைட் ரேம் உள்ள சேமிப்பகத்தில் இது எந்நாளும் முழுதாகக் கேச்சில் நிற்காது. ஒவ்வோர் இரவும் ஸ்கேன் தொடங்கும்போது முந்தைய இரவு ஏற்றியவை வெளியேறியிருக்கும். வட்டுகளை மறுபடியும் துழாவத்தான் வேண்டும். அதே நேரம் பாருங்கள், நூறு இருநூறு கிகாபைட் என்பது இன்றைய எஸ்.எஸ்.டி. கணக்கில் அற்பம். 320 டெராபைட் தரவையும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றப் பணம் இல்லை என்றாலும், மெட்டாடேட்டாவை, அதாவது கோப்புகளைப் பற்றிய விவரங்களை, மட்டும் மாற்றப் பணம் இருக்கும். உங்கள் கோப்பு முறைமை இசட்.எஃப்.எஸ். என்றால் ஸ்பெஷல் விடெவ் என்ற தனி வட்டுத் தொகுதி இதற்காகவே இருக்கிறது, 0.8 பதிப்பில் வந்தது. இரண்டு எச்சரிக்கைகள்: அதைச் சேர்த்த பிறகு எழுதப்படும் மெட்டாடேட்டாதான் அங்கே போகும், பழையது இருந்த இடத்திலேயே இருக்கும், அந்த விடெவ் போனால் பூல் (மொத்த வட்டுத் தொகுப்பு) முழுவதும் போய்விடும் என்பதால் மிரர் (இரட்டைப் பிரதி) இல்லாமல் போடவே கூடாது. இந்தத் துணிச்சல் வேண்டாம் என்பவர்கள் எல்2ஆர்க் (எஸ்.எஸ்.டி.யில் அமையும் கேச்) ஒன்றை மெட்டாடேட்டாவுக்கு மட்டும் என்று ஒதுக்கலாம். அது போனாலும் நஷ்டமில்லை, 2.0 பதிப்பிலிருந்து ரீபூட்டுக்குப் பிறகும் அதன் உள்ளடக்கம் நிலைத்திருக்கும். ஏ-டைம் (கடைசியாகப் படித்த நேரம்) பதிவை அணைத்துவிடுங்கள் என்பதைச் சொல்லத் தேவையிருக்காது என்று நினைக்கிறேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் விசாரணையை வேகப்படுத்தும் வழிகள். அவற்றால் 20 மணி நேரம் மூன்று நான்கு மணி நேரமாகலாம். கோப்புகள் 40 கோடியானால் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள். ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்று அறிய ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவதற்குப் பதினாறு ஆட்களை வைப்பதைப் போன்றது இது. எதை எழுதினோம் என்பது எழுதிய கோப்பு முறைமைக்கே தெரியும். அதைக் கேட்பதுதான் நிலையான தீர்வு.

இதை மிகத் தெளிவாகச் செய்வது இசட்.எஃப்.எஸ். அதில் ஒரு பிளாக்கை (தரவுத் துண்டை) சுட்டும் ஒவ்வொரு சுட்டியிலும் அது எந்தப் பரிமாற்றத் தொகுதியில் எழுதப்பட்டது என்ற எண் பதிந்திருக்கும். பழைய இடத்தில் மேலெழுதும் வழக்கமே அங்கே இல்லை. ஒரு பிளாக் மாறினால் அதன் தாய், தாயின் தாய் என்று உச்சிவரை எல்லாச் சுட்டிகளும் புதிதாக எழுதப்படும். எனவே நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்கும் (அந்நேரத்தில் உறையவைத்த நிலைக்கும்) இன்றையதற்கும் உள்ள வேறுபாட்டைத் தேடும்போது, ஒரு தாய்ச் சுட்டியின் எண் பழையதாக இருந்தால் அதற்குக் கீழே உள்ள கோடிக்கணக்கான பிளாக்குகளைப் பார்க்கவே வேண்டாம். ஆகும் நேரம் மாறியதன் அளவைப் பொறுத்ததே தவிர, இருப்பதன் அளவைப் பொறுத்ததன்று. சென்ட், ரிசீவ் என்ற இரண்டு கட்டளைகளில் உங்கள் 700 கிகாபைட் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேறொரு பெட்டிக்குப் போய்விடும்.

மற்ற தயாரிப்புகளிலும் இதே எண்ணம் வேறு வேறு உடையில் இருக்கிறது. நெட்ஆப்பில் ஸ்னாப்மிரரும், இரண்டு ஸ்னாப்ஷாட்டுகளுக்கு இடையே மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் ஸ்னாப்டிஃபும் உண்டு. ஐசிலானில் சிங்க்-ஐக்யூவும் சேஞ்ச்லிஸ்டும் உண்டு. ஐ.பி.எம். ஸ்கேலில் எம்.எம்.பேக்கப் என்ற கருவி கோப்புறைகள் வழியே நடக்காமல், ஐ-நோடு அட்டவணையையே பல கணினிகளில் பங்கிட்டு வரிசையாகப் படித்துவிடும். லஸ்டரில் சேஞ்ச்லாக் இருக்கிறது. செஃப்-எஃப்.எஸ்.ஸில் ஒவ்வொரு கோப்புறைக்கும் அதன் கீழுள்ள எல்லாவற்றின் கடைசி மாற்ற நேரத்தையும் மேலே ஏற்றிச் சொல்லும் ஆர்-சிடைம் உண்டு. அது பழையதாக இருந்தால் அந்தக் கிளை முழுவதையும் விட்டுவிடலாம், ஆனால் அந்த நேரம் மேலேறிச் சேரச் சற்றுத் தாமதமாகும் என்பதால் ஸ்னாப்ஷாட் மீது பார்ப்பது பாதுகாப்பு.

இங்கே ஒரு குறுக்குவழியைப் பற்றி எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்காத கூட்டமே இல்லை. "கோப்புறையின் எம்-டைம் (கடைசி மாற்ற நேரம்) மாறவில்லை என்றால் அதற்குள் போகாமல் விட்டுவிடலாமே?" என்பார்கள். சாதாரண கோப்பு முறைமைகளில் கோப்புறையின் எம்-டைம், அதற்கு நேர் கீழே ஒரு பெயர் சேர்ந்தாலோ, நீங்கினாலோ, மாறினாலோதான் மாறும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் கோப்பின் உள்ளடக்கம் மாறினால் மாறாது. இரண்டு மட்டம் கீழே புதுக்கோப்பு வந்தாலும் மாறாது. அந்தக் குறுக்குவழியில் எடுத்த பேக்கப் வேகமாகத்தான் முடியும். மீட்கும் நாளில்தான் உள்ளே ஒன்றுமில்லை என்பது தெரியும். கோப்பின் எம்-டைமை மட்டும் நம்புவதும் முழுப் பாதுகாப்பில்லை: நேரத்தைத் தக்கவைத்து நகலெடுத்த கோப்பும், பொதியிலிருந்து பிரித்தெடுத்த கோப்பும் பழைய எம்-டைமுடன் இன்று வந்து உட்காரும். "நேற்றைக்குப் பிறகு மாறியவை" என்று தேடும் ஸ்கிரிப்ட் அவற்றை என்றைக்கும் எடுக்காது. உள்ளடக்கமோ விவரமோ கடைசியாக மாறியதைக் கோப்பு முறைமையே பதியும் சி-டைமைப் பாருங்கள், அல்லது முந்தைய பட்டியலோடு ஒப்பிடும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

ரெஸ்டிக், போர்க் போன்ற டீடியூப் (ஒரே தரவை இருமுறை சேமிக்காத) கருவிகளை நெட்வொர்க் மவுண்ட் மீது ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி. இவை கோப்பு மாறவில்லை என்று முடிவுசெய்ய ஐ-நோடு எண்ணையும் பார்க்கும். சில நெட்வொர்க் மவுண்ட்களில் அந்த எண் ஒவ்வொரு முறையும் மாறும். அப்போது எல்லாக் கோப்புகளும் புதியவை என்று எண்ணி 320 டெராபைட்டையும் முதலிலிருந்து படிக்கும். சேரும் இடத்தில் இடம் கூடாததால் யாருக்கும் சந்தேகம் வராது, நேரம் மட்டும் போகும். இரண்டு கருவிகளிலும் ஐ-நோடைக் கணக்கில் எடுக்காதிருக்கத் தேர்வு உண்டு.

இப்போது உங்களுக்கு நான் பரிந்துரைக்கும் அமைப்பு. முதன்மைச் சேமிப்பகத்தில் மணிக்கொரு ஸ்னாப்ஷாட். அதிலிருந்து பிளாக் மட்டத்தில் இரண்டாவது பெட்டிக்கு நகல். இரண்டாவது பெட்டி விலை குறைந்த, பெரிய வட்டுகள் கொண்டதாக இருக்கலாம். முடிந்தால் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். கோப்பு மட்டத்தில் எடுக்கும் பேக்கப், டேப், அட்டவணை எல்லாம் அந்த இரண்டாவது பெட்டியின் உறைந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து நடக்கட்டும். அப்படிச் செய்த அன்றே பேக்கப் விண்டோ (பேக்கப்புக்கு ஒதுக்கிய நேரம்) என்ற பேச்சு முடிந்துவிடுகிறது. பயனர்களின் பெட்டியைத் தொடாமல் நடக்கும் ஜாப் பகலில் ஓடினால் என்ன, 30 மணி நேரம் ஓடினால்தான் என்ன? ஸ்கேன் ஓடும்போதே கோப்புகள் மாறிக்கொண்டிருப்பதால் பாதி பழையதும் பாதி புதியதுமாக வரும் தொல்லையும் ஒழிகிறது. 25 கிகாபிட் ஸ்விட்சுக்கும் டேப் டிரைவுக்கும் ஒதுக்கிய பணத்தை இந்தப் பெட்டிக்குத் திருப்பக் கேளுங்கள்.

ஒரு நிபந்தனை: நகலை இரண்டாவது பெட்டி இழுத்துக்கொள்ள வேண்டும், முதன்மைப் பெட்டி அதற்குள் தள்ளக் கூடாது. நிர்வாகக் கடவுச்சொல்லும் உள்நுழைவு முறையும் வேறாக இருக்க வேண்டும். முதன்மைப் பெட்டியைக் கைப்பற்றிய ரான்சம்வேர் அதே சாவியால் இரண்டாவதன் ஸ்னாப்ஷாட்டுகளையும் அழித்துவிட்டால், வேகமான பேக்கப்பால் என்ன பயன்? ஸ்னாப்ஷாட்டைக் குறித்த காலம் வரை அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

வேறு தயாரிப்பு வைத்திருந்து என்.டி.எம்.பி. (சேமிப்பகமும் பேக்கப் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) வழியாக எடுப்பவர்களுக்கு நிலைமை சற்று வேறு. அங்கே சேமிப்பகமே தன் உள்ளே டம்ப் (நகலெடுப்பு) ஓட்டுவதால் கோப்புக்கொரு நெட்வொர்க் கேள்வி என்பது இல்லை. ஆனால் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு வால்யூமுக்கு (சேமிப்பகத்தின் ஒரு பகுதிக்கு) ஒரே ஓட்டம் என்பதால், 320 டெராபைட்டும் ஒரே வால்யூமில் இருந்தால் வேகம் ஏறாது. பல வால்யூம்களாகப் பிரித்தால்தான் பல ஓட்டங்கள் கிடைக்கும். மேலும் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் பேக்கப் சர்வரின் அட்டவணைக்கு அனுப்பும் ஃபைல் ஹிஸ்டரி, கோடிக்கணக்கில் கோப்புகள் இருக்கும்போது தரவை விடப் பெரிய சுமையாகிவிடும். அதை அணைத்தால் வேகம் வரும். ஆனால் ஒரே ஒரு கோப்பை மீட்க வேண்டிய நாளில் அது எந்த டேப்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்க அட்டவணை இருக்காது. ஸ்னாப்ஷாட்டிலிருந்தே தனிக்கோப்புகளை மீட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தால் மட்டும் அணையுங்கள்.

வாராந்திர ஃபுல்லைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. 320 டெராபைட்டை நொடிக்கு 1.1 கிகாபைட் வேகத்தில் இடைவிடாமல் இழுத்தாலும் ஏறக்குறைய மூன்று நாள் ஒன்பது மணி நேரம் ஆகும். அதுவும் எல்லாம் கச்சிதமாக நடந்தால். வாரந்தோறும் ஃபுல் என்பது டேப் சங்கிலி (ஃபுல்லைத் தொடரும் இன்கிரிமென்டல்களின் வரிசை) நீளக் கூடாது என்று அஞ்சிய காலத்தின் பழக்கம். ஒருமுறை ஃபுல், அதன் பின் என்றும் இன்கிரிமென்டல், தேவைப்படும்போது பேக்கப் பக்கத்திலேயே பழையதையும் புதியதையும் கோத்து உருவாக்கும் சிந்தெடிக் ஃபுல் என்பதே இந்த அளவுக்குப் பொருந்தும். பெயர் எதுவானாலும் இன்றைய பெரிய பேக்கப் மென்பொருள்கள் பெரும்பாலும் இதைத் தருகின்றன. ஃபுல்லைக் கைவிடும்போது ஒன்றை ஈடுசெய்ய வேண்டும்: பழைய நகல் கெட்டுப்போயிருந்தால் அதைக் கண்டுபிடிக்க வாராந்திர மறுவாசிப்பு இனி இல்லை. ஆகவே பேக்கப் பெட்டியில் ஸ்கிரப் என்னும் செக்சம் (தரவிலிருந்து கணக்கிட்ட அடையாள எண்) சரிபார்ப்பை மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. செலவில்லாதது என்பதாலேயே யாரும் செய்வதில்லை. இந்த 21 கோடியில் கடந்த ஓராண்டில் மாறாதவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆய்வு நிறுவனங்களில் பொதுவாகப் பெரும்பங்கு அப்படித்தான் இருக்கும். முடிந்த திட்டங்களைத் தனி வால்யூமுக்கு நகர்த்தி, படிக்க மட்டும் என்று பூட்டி, செக்சம் பட்டியலோடு இரண்டு டேப் பிரதிகள் எடுத்து, தினசரி ஜாப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். நகர்த்தும்போது சிறு கோப்புகளை டார் பொதிகளாகக் கட்டினால் எண்ணிக்கையும் சரியும். தொழில்நுட்பத்தில் இது ஒரு நாள் வேலை. பேராசிரியர்களின் சம்மதம் வாங்குவதுதான் நீண்ட வேலை. "நீக்கப் போகிறோம்" என்று சொல்லாமல், "மாற்ற முடியாதபடி பாதுகாக்கப் போகிறோம்" என்று கடிதத்தைத் தொடங்கினால் சம்மதம் சற்று விரைவாக வரும். அப்படியே கேச், தற்காலிகக் கோப்புகள், மெய்நிகர்ச் சூழல்கள் முதலியவற்றை விலக்குப் பட்டியலில் சேருங்கள். டாட் ஸ்னாப்ஷாட் என்ற மறைவுக் கோப்புறைக்குள் உங்கள் ஜாப் நுழைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். நுழைந்தால் ஒரே கோப்பை ஸ்னாப்ஷாட்டுகள் எத்தனையோ அத்தனை முறை பார்த்துக்கொண்டிருக்கும். பேக்கப் சர்வரில் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு கோப்பையும் திறக்கும்போது சோதித்தால், அந்த மவுண்டுக்கு விலக்குக் கொடுங்கள்.

டேப் டிரைவை ஏன் வாங்க வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்.டி.ஓ.-9 டிரைவ் சுருக்காமல் நொடிக்கு 400 மெகாபைட் வரை எழுதும். அதற்குத் தரவு குறைவாக வந்தால் வேகத்தைத் தணித்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு, அது நொடிக்கு நூறு மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது. உங்கள் இன்கிரிமென்டலின் சராசரி நொடிக்குப் பத்து மெகாபைட்கூட இல்லை. நாடா ஓடும், தரவு தீரும், நிற்கும், பின்னால் உருளும், மறுபடி ஓடும். வேகமும் கெடும், நாடாவும் தேயும். வேகமான டிரைவ் வாங்கினால் இது கூடத்தான் செய்யும். முதலில் வட்டில் சேர்த்து, அங்கிருந்து பெரிய துண்டுகளாக டேப்புக்கு ஊற்றினால் இப்போதிருக்கும் டிரைவே போதுமானதாக இருக்கலாம். இசட்.எஃப்.எஸ். சென்ட் ஓட்டத்தையே ஒரு கோப்பாக டேப்பில் போட்டு வைக்கும் யோசனை வந்தால் கைவிடுங்கள். நடுவில் ஒரு பிழை இருந்தாலும் ரிசீவ் அங்கேயே நின்றுவிடும். மிச்சம் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

மீட்பின் கணக்கையும் இப்போதே போட்டு மேலிடத்துக்குக் காட்டிவிடுங்கள். முதன்மைப் பெட்டி முழுவதும் போனால், 320 டெராபைட் திரும்பிவர 10 கிகாபிட்டில் மூன்றரை நாள் என்பது சிறந்த நிலை. 21 கோடிக் கோப்புகளைப் புதிதாக உருவாக்குவது அவற்றைப் படிப்பதைவிட மெதுவான வேலை. டேப்பிலிருந்து என்றால் வாரக்கணக்கில் போகும். இரண்டாவது பெட்டி இருந்தால் அதையே பயனர்களுக்கு மவுண்ட் செய்து கொடுத்துவிட்டு, பின்னணியில் நிதானமாகத் திருப்பி நிரப்பலாம். அதை வாங்க அனுமதி கேட்கும்போது பேக்கப் வேகத்தைவிட இந்தக் கணக்குத்தான் எடுபடும்.

கடைசியாக, இணை ஓட்டத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதப்போகிறவருக்கு ஒரு சொல். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டர் சேமிப்பகத்தில் சுமார் 77 டெராபைட், ஏறக்குறைய 3.4 கோடிக் கோப்புகள் அழிந்துபோயின. அழித்தது பேக்கப் அமைப்பின் ஸ்கிரிப்ட். பழைய லாக் கோப்புகளை நீக்கும் ஸ்கிரிப்டை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பால் மேலெழுதினார்கள். ஸ்கிரிப்டை இயக்கும் பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுதாக நினைவில் ஏற்றிக்கொள்ளாமல் படித்துப் படித்து ஓட்டும் இயல்புடையது. நடுவிலிருந்து புதிய வரிகளைப் படித்தபோது, பாதையைக் குறிக்கும் மாறி மதிப்பில்லாமல் நின்றது. நீக்கும் கட்டளை லாக் கோப்புகளுக்குப் பதிலாகப் பயனர் தரவின் மீது ஓடியது. ஆகவே புதிய பதிப்பை வேறு பெயரில் எழுதி, ஓட்டம் நின்ற பிறகு பெயர் மாற்றுங்கள். மதிப்பில்லாத மாறி வந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்படி தொடக்கத்திலேயே அமையுங்கள். பேக்கப் கணக்குக்கு மூலத் தரவின் மீது படிக்கும் உரிமை மட்டும் இருக்கட்டும், மவுண்டும் படிக்க மட்டும் என்றே இருக்கட்டும்.

புதிய முறை ஓடத் தொடங்கியதும் பழைய ஜாப்பை உடனே நிறுத்தாதீர்கள். அதன் ஃபுல் மெதுவாக ஓடி முடியட்டும்; அது முடிந்த நாளின் ஸ்னாப்ஷாட்டை இரண்டாவது பெட்டியில் பூட்டி வைத்து, இரண்டிலிருந்தும் சில ஆயிரம் கோப்புகளைக் குருட்டாம்போக்கில் பொறுக்கி மீட்டு, செக்சம் ஒப்பிடுங்கள். ஃபுல் ஓடிய நாட்களில் மாறிய கோப்புகள் ஒத்துப்போகாது என்பதால், ஓட்டம் தொடங்கும் முன்பே சி-டைம் நின்றுபோன கோப்புகளிலிருந்து மட்டும் பொறுக்குங்கள். அவற்றில் ஒத்துப்போகாதது ஒன்று வந்தாலும், காரணம் தெரியும் வரை பழைய டேப்புகளை மறுபயன்பாட்டுக்கு விடாதீர்கள்.